ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து வந்தவர்

 

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் கூப்பிட்டு, நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த போர்கள் எவை என்று கேட்டுப் பாருங்கள். பத்ர், உஹுத், ஹன்தக், ஹைபர் என்று மூச்சு விடாமல் சொல்லும். அதே பிள்ளையிடம், "அவர்கள் செய்த உடன்படிக்கை ஒன்றைச் சொல்லு மகன்" என்று கேட்டால் தலையைச் சொறியும். இது பிள்ளையின் குற்றமல்ல. நாங்கள் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு அப்படி. ஆரம்ப கால வரலாற்றாசிரியர்கள் கூட நபியவர்களின் வரலாற்றை எழுதிய நூல்களுக்கு 'மகாஸி', அதாவது போர்ப் பயணங்கள் என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் நுபுவ்வத்துடைய 23 வருடங்களில் மக்காவில் கழிந்த 13 வருடங்களும் போரே இல்லாதவை. பத்ர் ஒரே நாளில் முடிந்தது. உஹுதும் அப்படித்தான். மீதி நாட்களில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளை எங்களிடம் கேட்பதுமில்லை, நாங்கள் சொல்வதுமில்லை. மத்ரஸா விட்டதும் வாசலில் தென்னை மட்டையால் வாள் சண்டை நடக்கிறது. 'காபிராக' நிற்க ஒரு பிள்ளையும் சம்மதிக்காததால் கடைசியில் ஆகச் சின்னப் பிள்ளைதான் அடி வாங்குகிறது.

சமாதானம் நல்லது, சண்டை கெட்டது என்று உபதேசம் செய்வதால் இது மாறாது. பிள்ளைக்கு உபதேசம் நினைவில் நிற்காது, ஆள்தான் நிற்கும். ஆகவே இம்மாதம் ஓர் ஆளைச் சொல்கிறேன். அவர் ஒரு தாய். விசுவாசிகளின் அன்னையரில் ஒருவரான உம்மு ஸலமா (ரழி) அவர்கள். மக்ரிபுக்குப் பிறகு நாலைந்து இரவுகளுக்குச் சொல்லக்கூடிய கதை அவர்களுடைய வாழ்வில் இருக்கிறது.

கதையை அவர்களுடைய தகப்பனிலிருந்து தொடங்குங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் பகுதி இது. நபியவர்களுக்கு அப்போது 35 வயது. நபித்துவம் இன்னும் கிடைக்கவில்லை. குறைஷிகள் கஃபாவைத் திருத்திக் கட்டினார்கள். சுவர் எழும்பி, ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் வைக்கும் வேளை வந்ததும், அந்தப் பெருமை யாருக்கு என்று கோத்திரங்களுக்கிடையே தகராறு. நாலைந்து இரவுகள் இழுபட்டது. ஒரு கூட்டம் பாத்திரத்தில் இரத்தத்தை நிரப்பி, அதில் கையை விட்டுச் சத்தியமே செய்துவிட்டது. அப்போது அவர்களில் வயதில் மூத்த அபூ உமையா என்பவர் ஒரு யோசனை சொன்னார். இந்த வாசலால் முதலில் யார் உள்ளே வருகிறாரோ அவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். முதலில் நுழைந்தவர்கள் முஹம்மத் (ஸல்) அவர்கள். அவர்கள் ஒரு துணியை விரித்து, கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு கோத்திரத்தாரையும் துணியின் ஓர் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். எல்லோருமாகத் தூக்கினார்கள். இடத்துக்கு வந்ததும் தமது கையாலேயே கல்லை எடுத்து வைத்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டுக் கட்டில் விரிப்பு ஒன்றை எடுங்கள். நடுவில் ஒரு தலகணியை வையுங்கள். பிள்ளைகள் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கட்டும். ஒரு பிள்ளை அவசரப்பட்டு உயர்த்தினால் தலகணி மற்றப் பக்கம் உருண்டு விழும். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. எனது வகுப்பில் இதை வருடா வருடம் செய்கிறேன். முதல் தடவையிலேயே விழாமல் தூக்கிய வகுப்பு இதுவரை இல்லை.

அந்த யோசனையைச் சொன்ன அபூ உமையாவின் மகள்தான் எங்கள் உம்மு ஸலமா.

இரண்டாம் இரவுக்கான கதை கொஞ்சம் கனமானது. ஆறு, ஏழு வயதுக்குப் பிறகு சொல்வது நல்லது. மக்காவில் முஸ்லிம்களுக்குத் துன்பம் அதிகரித்தபோது உம்மு ஸலமாவும் கணவர் அபூ ஸலமாவும் முதலில் அபீசீனியாவுக்குப் போனவர்கள். திரும்பி வந்து, பிறகு மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். கணவர் ஒட்டகத்தைத் தயார் செய்து, மனைவியையும் மடியில் குழந்தை ஸலமாவையும் ஏற்றிக் கயிற்றைப் பிடித்து நடந்தார். உம்மு ஸலமாவின் குடும்பத்தார் ஓடி வந்து, நீ போவதென்றால் போ, எங்கள் பெண்ணை விடமாட்டோம் என்று கயிற்றைப் பறித்தார்கள். இதைக் கண்ட கணவரின் குடும்பத்தார், அப்படியானால் எங்கள் பிள்ளையை உங்களிடம் விடமாட்டோம் என்று குழந்தையை இழுத்தார்கள். இரு பக்கமும் இழுத்ததில் குழந்தையின் கை மூட்டு விலகிவிட்டது. கணவர் மதீனாவில், குழந்தை ஒரு குடும்பத்திடம், தாய் இன்னொரு குடும்பத்திடம். ஒரு வருடமளவு அந்தத் தாய் தினமும் காலையில் வெளியே போய் ஓரிடத்தில் உட்கார்ந்து மாலை வரை அழுதார்கள்.

கடைசியில் அவர்களின் உறவினர் ஒருவர் மனமிரங்கிப் பேசியதால் விடுதலை கிடைத்தது. குழந்தையும் கைக்கு வந்தது. தன்னந்தனியே ஒட்டகத்தில் ஏறி மதீனாவை நோக்கிப் புறப்பட்டார்கள். 400 கிலோமீற்றருக்கும் மேலான பாலைவனம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரம் என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும். தன்யீம் என்ற இடத்தில் ஒரு மனிதர் எதிர்ப்பட்டார். உஸ்மான் பின் தல்ஹா. அப்போது அவர் முஸ்லிமல்ல. எங்கே போகிறாய், உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அல்லாஹ்வையும் இந்தக் குழந்தையையும் தவிர யாருமில்லை என்று உம்மு ஸலமா சொன்னார்கள். உன்னைத் தனியாக விட முடியாது என்று சொல்லி, ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து அவர் முன்னே நடந்தார்.

இந்த இடத்தில் நிதானமாகச் சொல்லுங்கள், அவசரப்பட வேண்டாம். தங்குமிடம் வந்தால் அவர் ஒட்டகத்தைப் படுக்க வைத்துவிட்டு விலகிப் போவார். பெண் இறங்கிய பிறகு வந்து ஒட்டகத்தைக் கொண்டு போய் மரத்தில் கட்டுவார். தான் தள்ளிப் போய் வேறொரு மரத்தடியில் படுப்பார். புறப்படும் நேரம் ஒட்டகத்தைக் கொண்டு வந்து விட்டுத் திரும்பவும் விலகி நிற்பார். இப்படியே குபா வரை வந்தார். உன் கணவர் இந்த ஊரில்தான் இருக்கிறார் என்று காட்டிவிட்டு, வந்த வழியே மக்காவுக்குத் திரும்பி நடந்தார். அவரைவிடக் கண்ணியமான ஒரு தோழரை அறபிகளில் நான் கண்டதில்லை என்ற கருத்தில் உம்மு ஸலமா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தச் செய்தி எமக்குக் கிடைத்த வழியைப் பாருங்கள். பழைய ஸீரா நூல்களில் இது உம்மு ஸலமாவின் சொந்தச் சந்ததியினர் ஊடாகவே அறிவிக்கப்படுகிறது. அதாவது அந்தத் தாய் தமது வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் தமது பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். சொல்லும்போது தம்மைப் பிரித்தவர்களையும் சொன்னார்கள், குழந்தையின் கை மூட்டு விலகியதையும் சொன்னார்கள், கயிற்றைப் பிடித்து வந்தவரையும் சொன்னார்கள். ஒன்றையும் விடவில்லை.

மூன்றாவது, ஹுதைபிய்யா. ஹிஜ்ரி 6, கி.பி. 628. அபூ ஸலமா உஹுதில் பட்ட காயத்தின் காரணமாக வபாத்தாகி, உம்மு ஸலமா நபியவர்களின் மனைவியாகிவிட்ட காலம். சுமார் 1,400 பேர் உம்ராவுக்கென்று இஹ்ராம் உடுத்திப் புறப்பட்டார்கள். குர்பானி ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். மக்காவின் எல்லையருகே குறைஷிகள் தடுத்துவிட்டார்கள். பேச்சுவார்த்தைக்கு ஸுஹைல் பின் அம்ர் வந்தார். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அலி (ரழி) அவர்கள். 'ரஹ்மான்' என்று எழுதுவதை ஸுஹைல் மறுத்தார். 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதுவதையும் மறுத்தார். நபியவர்கள் அதை அழிக்கச் சொன்னார்கள். இந்த வருடம் திரும்பிப் போக வேண்டும், அடுத்த வருடம் வந்து மூன்று நாள் தங்கலாம். பத்து வருடங்களுக்குப் போர் இல்லை. மக்காவிலிருந்து தன் பொறுப்பாளரின் அனுமதியின்றி யாராவது ஓடி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்த நிபந்தனைகளைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள். நான் வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, "போவோமா, சண்டை பிடிப்போமா?" என்று கை உயர்த்தச் சொல்வேன். சண்டைக்கே அதிகம் கைகள் உயரும். பிறகு யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "அப்ப ஹஸரத், நபியவங்க தோத்துட்டாங்களா?"

நல்ல கேள்வி. கேட்ட பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். உமர் (ரழி) அவர்களும் ஏறத்தாழ இதைத்தான் கேட்டார்கள். நாம் சத்தியத்தில் இல்லையா, பிறகு ஏன் இந்த இறக்கம் என்று வந்து நின்றார்கள். அதிலும் வேதனையானது, ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸுஹைலின் சொந்த மகன் அபூ ஜந்தல் (ரழி) விலங்குகளோடு தப்பி வந்து முஸ்லிம்கள் மத்தியில் விழுந்தார்கள். அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இதைப் பிள்ளைக்கு மறைக்கத் தேவையில்லை. சமாதானம் என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டு கை குலுக்குவது என்று படம் காட்டினால், வளர்ந்த பிறகு முதல் அநியாயத்தைக் கண்டதுமே பிள்ளை அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடும். அந்த இடத்தில் நின்ற சஹாபாக்களுக்கும் நெஞ்சு வெடித்தது, அபூ ஜந்தலைப் பொறுமையாக இருக்கும்படி நபியவர்கள் ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள் என்பதைச் சொல்லுங்கள். அபூ ஜந்தலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். அவர் மீண்டும் தப்பி, கடற்கரைப் பக்கம் அபூ பஸீரோடு சேர்ந்துகொண்டார். கடைசியில் குறைஷிகளே வந்து அந்த நிபந்தனையை நீக்கும்படி கேட்டுக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் முடிந்தது. குர்பானியை அறுத்து, தலைமுடியை மழியுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை. மூன்று தடவை சொன்னார்கள். கவலையில் உறைந்து போயிருந்தார்கள். நபியவர்கள் கூடாரத்துக்குள் வந்து உம்மு ஸலமாவிடம் நிலைமையைச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன யோசனை இதுதான்: வெளியே போங்கள், யாருடனும் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், உங்கள் ஒட்டகத்தை அறுங்கள், மழிப்பவரை அழைத்து முடியை மழியுங்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் எல்லோரும் எழும்பினார்கள்.

குறைஷிகளால் ஒரு வருடம் கணவனையும் பிள்ளையையும் பிரிந்து அழுத பெண் அவர். அந்தக் கூட்டத்தாரோடு செய்த ஒப்பந்தம் குலையாமல் காக்கும் யோசனை அவருடைய வாயிலிருந்து வந்தது. தகப்பன் கஃபாவின் முற்றத்தில் சொன்னதும், மகள் கூடாரத்துக்குள் சொன்னதும் ஒரே குடும்பத்துப் புத்தி என்று எனக்கு நினைக்கத் தோன்றும். கிதாபில் அப்படி இல்லை, என் ரசனை அது.

அந்த ஒப்பந்தம் பத்து வருடம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்குள் குறைஷிகளின் கூட்டாளிகள் அதை மீறினார்கள். ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் வழிகள் திறந்து, மக்கள் ஒருவரோடொருவர் பயமின்றிப் பேசினார்கள். ஹுதைபிய்யாவுக்கு வந்தவர்கள் 1,400 பேர். ஹிஜ்ரி 8இல் மக்காவுக்குப் போனவர்கள் 10,000 பேர். கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளைக்கு 'யார் தோற்றது' என்ற கேள்விக்கான பதிலை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மக்காவின் கதை இதோடு இருக்கட்டும். எங்கள் வீடுகளில் இன்னொரு கதையும் சொல்லப்படுகிறது. யாரும் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்வதில்லை. உம்மம்மா பக்கத்து வீட்டு மாமியோடு கதைக்கும்போது பிள்ளை கதவோரம் நின்று கேட்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்ட கதை. அதே வருடம் ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள், சுமார் 75,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது, ஊரை விட்டு விரட்டப்பட்ட கதை. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வாப்பாவின் ஊர் எது என்று கேட்டால் இன்றும் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லாமல் விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உம்மு ஸலமாவே சொல்லாமல் விடவில்லை. ஆனால் சொல்லும் வசனத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். "தமிழர்கள் எங்களை விரட்டினார்கள்" என்று ஒரு வசனம். "விடுதலைப் புலிகள் எங்களை விரட்டினார்கள்" என்று இன்னொரு வசனம். தமிழ்ப் பாடத்தில் எழுவாய் என்று படித்திருப்பீர்கள். செயலைச் செய்தவர் யார் என்பது எழுவாய். இரண்டாவது வசனத்தைக் கேட்ட பிள்ளை நாளைக்கு வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும். முதலாவதைக் கேட்ட பிள்ளை உட்காரும், ஆனால் புத்தகப் பையை நடுவில் வைக்கும்.

இதன் அருமை எங்களைவிட யாருக்குத் தெரியும்? 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் ஒரு சிறு கூட்டம். ஆனால் எத்தனையோ வீடுகளில் "முஸ்லிம்கள் செய்தார்கள்" என்று எழுவாய் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறிய பர்தா அணிந்த சகோதரி ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு சொல்லின் பாரம் தெரியும்.

பத்து, பன்னிரண்டு வயதான பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம். சில சகோதரர்களுக்கு இது பிடிக்காது, இருந்தும் எழுதுகிறேன். அதே 1990 ஆகஸ்டில் கிழக்கிலே தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அங்கேயும் கதவோரம் நின்று கேட்கும் பிள்ளை இருக்கிறது. எங்கள் பிள்ளை தன் வீட்டுக் கதையை மட்டும் தெரிந்து வளர்ந்து, ஒருநாள் அந்தப் பிள்ளையைச் சந்தித்தால் இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்றுதான் நினைப்பார்கள்.

சின்னப் பிள்ளைக்கு மையித்துகளின் எண்ணிக்கையும் காயங்களும் வேண்டாம். போனில் வந்து குவியும் படங்களும் வீடியோக்களும் அறவே வேண்டாம். அவற்றைப் பார்த்த பிள்ளை கதை கேட்காது, தூக்கத்தில் அழும். ஏழு வயதுக்கு, "எங்கட ஆக்கள் ஊரை விட்டு வர வேண்டி வந்தது, அது அநியாயம்" என்பது போதும். மீதியைப் பிள்ளை கேட்கும் வயதில் சொல்லலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். வீட்டில் அந்த நாட்களைக் கண்ட உம்மம்மாவோ அப்பாவோ ஹயாத்தோடு இருந்தால், பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து ஒரேயொரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். "உங்களுக்கு ஒட்டகக் கயிற்றைப் பிடித்து வந்தவர் யார்?" வழியில் தண்ணீர் தந்தவர், பாரத்தைத் தூக்கிக் கொடுத்தவர், புறப்படும்போது வாசலில் நின்று அழுத பக்கத்து வீட்டார், எவராவது இருந்தார்களா? சிலருக்கு உடனே ஒரு பெயர் வரும். சிலருக்கு இரண்டு நாள் கழித்து வரும். ஒருவருமே இல்லை என்று சிலர் சொல்லலாம். அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாத ஆளை உண்டாக்க வேண்டாம். பெயர் வந்தால் ஒரு கொப்பியில் பிள்ளையின் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். உம்மம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைசி இரவில் பிள்ளைகள் கேட்பார்கள், அந்த உஸ்மான் பின் தல்ஹாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று. நீண்ட காலம் அவர் மக்காவின் பக்கமே இருந்தார். உஹுதில் அவருடைய தகப்பனும் நெருங்கிய உறவினர்களும் முஸ்லிம்களின் வாளால் கொல்லப்பட்டார்கள். ஹுதைபிய்யாவுக்குப் பிந்திய அந்த அமைதிக் காலத்தில்தான், ஹிஜ்ரி 8இல், காலித் பின் வலீதோடும் அம்ர் பின் ஆஸோடும் மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றார். முன்பு ஒரு தாயையும் குழந்தையையும் கொண்டு வந்து விட்டுத் திரும்பிப் போன அதே பாதை. கஃபாவின் திறப்பு பரம்பரையாக அவருடைய குடும்பத்தாரிடம் இருந்தது. மக்கா வெற்றியின் நாளில் நபியவர்கள் அதை வாங்கிக் கதவைத் திறந்தார்கள். திறப்பைத் தங்களுக்குத் தரும்படி நபியவர்களின் சொந்தக் குடும்பத்திலிருந்தே கேட்டார்கள். ஆனால் அவர்கள் உஸ்மான் எங்கே என்று கேட்டு, அழைத்து, அவருடைய கையிலேயே திரும்பக் கொடுத்தார்கள். அந்தத் திறப்பு இன்றும் அந்தக் குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது.